கொல்லிப்பாவை கொன்றாளா?

சேலம் ஃபேர்லேண்ட்ஸில் வாழும் நாம், கொல்லிமலையைக் கோடை உலாவுக்குரிய இடமாகவே கருதிப் பழகிவிட்டோம். சங்கப் புலவர்க்கோ அது தெய்வம் சமைத்த பாவை நிற்கும் மலை. அப்பாவை காண்போரை நகைத்து மயக்கி உயிருண்ணும் என்பது பிற்காலத்தார் உரைக்கும் கதை. அத்துணைக் கொடியவளைக் காதலிக்கு உவமையாக்குவானேன்? இவ்வையம் நம்மை நெடுநாள் வருத்தியதுண்டு.

பாடல்களையே நாடினோம். குறுந்தொகை 100ஆம் பாடலில் கபிலர் காண்பது, வல்வில் ஓரியின் மலையிலுள்ள பாவையின் மடப்பத்தை. நற்றிணை 201இல் பரணர் காட்டுவது அதன் அழியாமையை. காற்று மோதினும், மழை கடுகிப் பொழியினும், இடி வீழினும், நிலமே நடுங்கினும் பாவையின் எழில் கெடாது. அவ்வாறே தலைவியும் தலைவன் நெஞ்சைவிட்டு நீங்காள். ஈண்டு அச்சத்திற்கு இடமேது?

கொலைப்பேச்சு நற்றிணை 185இல்தான் வருகின்றது. பாடியவர் பெயர் கிடைக்கவில்லை. ஆயின் அங்கும் கொல்லத் துணிந்தவள் பாவையல்லள், பாவையனைய தலைவியே. அருள் பெறாத தலைவனின் புலம்பல் அது. தலைவிமேல் சொன்ன பழியைப் பின்வந்தோர் பாவைமேல் ஏற்றிவிட்டனர் என்பதே எம் துணிபு.

இன்று மலைமேலுள்ள எட்டுக்கை அம்மனையே கொல்லிப்பாவை என வழிபடுகின்றனர். அங்குச் செல்லும் மாணவர் நற்றிணையையும் உடன்கொண்டு செல்வாராக.