இளம் வேட்டை நாயின் அச்ச உறுமல்: காரணமும் பரிகாரமும்

காட்டை அடுத்துள்ள வயல்களிலும் தோட்டங்களிலும் பன்றி, முள்ளம்பன்றி முதலிய விலங்குகள் விளைவிக்கும் சேதத்தைக் கமக்காரர் நன்கறிவர். கதிர் முற்றிய வயலை ஒரு பன்றிக் கூட்டம் ஓர் இரவில் உழக்கிவிடும். மரவள்ளி, வற்றாளை, கச்சான் ஆகியவற்றைக் கிளறி எடுத்துவிடும். இவ்விலங்குகளின் வரவை முன்கூட்டியே உணர்ந்து அறிவிப்பதற்கு நல்ல நாயைப் போன்ற துணை வேறில்லை. ஆதலால் வேட்டைக் குணமுள்ள நாட்டு நாய்க்குட்டி ஒன்றைத் தேடிப் பெற்று வளர்ப்போர் பலர்.

இவ்வாறு வளர்க்கப்படும் நாய்களுட் சில, 6 மாதத்திற்கும் 14 மாதத்திற்கும் இடைப்பட்ட வயதில், அயலவரையும் பிள்ளைகளையும் கண்டு உறுமத் தொடங்குகின்றன. சில கமக்காரர் இதனை வீரத்தின் அறிகுறியெனக் கொண்டு மகிழ்கின்றனர். வேறு சிலர் கெட்ட குணமென எண்ணி அடிக்கின்றனர். இவ்விரண்டும் தவறாகும். இவ்வுறுமலிற் பெரும்பகுதி அச்சத்தினால் எழுவது. அச்சத்தை நீக்கினால் உறுமல் தானே குறையும்.

உறுமல் ஓர் எச்சரிக்கை

நாய்க்குப் பேச்சில்லை. “அருகில் வராதே, எனக்குப் பயமாயிருக்கிறது” என்பதை அது உறுமலினாலேயே தெரிவிக்கின்றது. உறுமும் நாய் கடிக்காமல் விடயத்தை முடித்துக்கொள்ள விரும்பும் நாயாகும். அந்த எச்சரிக்கையைத் தண்டித்து அடக்கினால் எஞ்சியிருப்பது கடி ஒன்றே.

வன்னியிலுள்ள கமக்காரர் ஒருவருக்கு நேர்ந்ததை இங்கு கூறுதல் பயனுடையது. அவர் 2 மாதக் குட்டியொன்றைக் கொண்டுவந்து, தோட்டத்துக் காவற்கொட்டிலிற் கட்டி வளர்த்தார். அவரைத் தவிர வேறெவரையும் அக்குட்டி அதிகம் கண்டதில்லை. 9 மாதமானபோது, மருந்து தெளிகருவியை முதுகிற் சுமந்து வந்த அயற்றோட்டக்காரரைக் கண்டு அது உறுமிற்று. உறுமிய போதெல்லாம் அவர் தடியால் அடித்தார். சில நாட்களில் உறுமல் நின்றுவிட்டது. நாய் திருந்திவிட்டதென அவர் நம்பினார். அடுத்த மாதத்தில் ஒரு நாள், அவருடைய சகோதரியின் 7 வயது மகன் சோறு கொண்டுவந்து, நாயைக் கடந்து கொட்டிலுக்குள் குனிந்து நுழைந்தான். நாய் சத்தமெதுவும் இன்றி அவனுடைய முன்கையைக் கௌவிற்று. பிள்ளை ஆசுபத்திரியிற் சிகிச்சை பெற்றுத் தேறினான். அடி அந்நாயின் அச்சத்தை நீக்கவில்லை. அறிவிப்பை மட்டுமே நீக்கிற்று என்பதை அவர் பின்னரே உணர்ந்தார்.

அச்ச உறுமலை அறியும் விதம்

எல்லா உறுமலும் ஒன்றல்ல. விளையாடும் குட்டி உறுமும். பன்றியின் மணத்தை உணர்ந்த நாயும் உறுமும். அச்சத்தால் உறுமும் நாயின் உடலிற் பின்வரும் குறிகள் காணப்படும்: வால் பின்னங்கால்களுக்கிடையில் ஒடுங்கியிருக்கும், காதுகள் பின்னோக்கிப் படிந்திருக்கும், உடற்பாரம் பின்னங்கால்களிற் சாய்ந்திருக்கும், கண்ணின் வெண்பகுதி தெரியும், முகத்தை அப்பாற் திருப்பும், உணவில்லாதபோதும் உதட்டை நக்கும், களைப்பில்லாதபோதும் கொட்டாவி விடும். உறுமலுக்கு முன்னரே தோன்றும் இக்குறிகளைக் கண்டறியப் பழகிய கமக்காரர், உறுமல் எழும் முன்னரே நாயை அப்புறப்படுத்தலாம்.

அச்சம் தோன்றும் காரணங்கள்

முதலாவது காரணம் குட்டிப் பருவத்திற் போதிய பழக்கமின்மை. நாய்க்குட்டி பிறந்து 3ஆம் வாரம் தொடக்கம் ஏறக்குறைய 12 அல்லது 14ஆம் வாரம் வரையுள்ள காலம் மிக முக்கியமானது. இக்காலத்தில் அது காண்பவற்றை உலகின் இயல்பான பொருள்களாக ஏற்றுக்கொள்ளும். காணாதவற்றைப் பின்னர் அஞ்சும். அமெரிக்காவில் மேயின் மாநிலத்துப் பார் ஹார்பரில் செய்யப்பட்டு 1961இல் வெளியிடப்பட்ட ஆராய்ச்சியொன்று இதனைத் தெளிவுபடுத்திற்று. வேலியிட்ட வெளியில் மனிதரோடு பழக்கமின்றி வளர்ந்து, 14ஆம் வாரத்திலேயே முதன்முதலாகக் கையாளப்பட்ட குட்டிகள் மனிதரை அஞ்சி விலகின. அதற்கு முன்னர் கையாளப்பட்டவை எளிதிற் பழகின. கொட்டிலிற் தனியே கட்டப்படும் குட்டியின் நிலையும் இதற்கு ஒப்பானதே.

இரண்டாவது காரணம் வளரும் பருவத்தில் ஏற்படும் அதிர்ச்சி. முழு வளர்ச்சி பெறாத நாயைப் பன்றிக்கு எதிரே ஏவுதல், காதருகே வெடி கொளுத்துதல் ஆகியவற்றால் உண்டாகும் பயம் நெடுங்காலம் நிலைத்துவிடும்.

மூன்றாவது காரணம் கட்டி வைத்தல். அஞ்சிய நாய் முதலில் ஓடிவிட விரும்பும். சங்கிலி அவ்வழியை அடைத்துவிடுவதால் அது உறுமவும் கடிக்கவும் முற்படுகின்றது.

நான்காவது காரணம் நோவு. காதினுள் உண்ணி அல்லது சீழ், விரலிடையில் முள், சுருக்குக் கம்பி வெட்டிய புண் ஆகியன இருப்பின், தொட வருவோரைக் கண்டு நாய் உறுமும். எனவே பழக்குதலைத் தொடங்குமுன் நாயை மிருக வைத்தியரிடம் காட்டுதல் வேண்டும்.

பரிகார முறை

முதற்படி ஓய்வு. இரண்டு வாரங்களுக்கு நாய் அஞ்சும் ஆட்களையோ பொருள்களையோ அதன் அருகே வரவிடாதிருத்தல் வேண்டும். வழிப்போக்கரின் கண்ணிற் படாத நிழலான இடத்தில் அதனை வைத்து, எவற்றைக் கண்டு, எவ்வளவு தூரத்தில் உறுமுகின்றதெனக் குறித்துக்கொள்ளுக.

இரண்டாம்படி தூரத்தைக் கண்டுபிடித்தல். தெளிகருவி சுமந்த ஆளை நாய் 20 மீற்றரில் உறுமுமாயின், 30 மீற்றரில் நிறுத்திப் பார்க்குக. நாய் அவரைக் கண்டும் அமைதியாக உணவு உண்ணக்கூடிய தூரமே தொடக்க இடமாகும்.

மூன்றாம்படி உணவுடன் இணைத்தல். ஆள் தோன்றியவுடன் வேகவைத்த இறைச்சி அல்லது முள் நீக்கிய மீனைச் சிறு துண்டுகளாகத் தொடர்ந்து கொடுத்தல் வேண்டும். ஆள் மறைந்தவுடன் உணவை நிறுத்துக. இவ்வொழுங்கு மாறலாகாது: முதலில் ஆள், பின்னரே உணவு. நாளொன்றுக்கு இரு முறை, ஒவ்வொரு முறையும் 5 நிமிடம் போதுமானது. ஆளைக் கண்டதும் நாய் உணவை எதிர்பார்த்து உம்மை நோக்கத் தொடங்கினால், ஓரிரு அடி தூரம் குறைக்கலாம். உறுமினால் ஏசாது, முன்னைய தூரத்திற்குத் திரும்புக.

உறுமும் நாய்க்கு உணவு கொடுத்தால் அது மேலும் உறுமப் பழகிவிடாதா எனக் கமக்காரர் வினவுவதுண்டு. பயம் நாய் வேண்டுமென்று செய்யும் செயலன்று. அதன் உள்ளத்தில் எழும் உணர்ச்சி. அஞ்சிய பொருள் வரும்போதெல்லாம் நல்ல உணவும் வருமாயின், அவ்வுணர்ச்சியே படிப்படியாக மாறும். உணர்ச்சி மாறியபின் உறுமலுக்குத் தேவையிராது.

புதியவர் எவரும் நாயை நேரே உற்று நோக்குதலும், அதன் தலைக்கு மேலாகக் கையை நீட்டுதலும் கூடாது. பக்கவாட்டில் நின்று உணவை எறிந்துவிட்டு, நாய் தானாக அணுகும் வரை காத்திருத்தல் வேண்டும். உணவுத் தட்டருகே உறுமும் நாயிடமிருந்து தட்டைப் பறித்தல் ஆகாது. தொலைவாற் கடந்து செல்லும்போது அதனினும் சுவையான துண்டொன்றை எறிந்து செல்லுக.

வெடிச் சத்தத்திற்குப் பழக்குவதும் இவ்வாறே. முதலில் மிகத் தொலைவில் ஒருவர் தகரத்தை மெதுவாகத் தட்ட, நாய்க்கு உணவு கொடுத்தல் வேண்டும். பல நாட்களில் சிறிது சிறிதாகச் சத்தத்தைக் கூட்டலாம்.

பிள்ளைகளின் பாதுகாப்பு

பழக்குங் காலத்திலும் அதன் பின்னரும் சிறு பிள்ளைகளை இத்தகைய நாயுடன் தனியே விடுதல் கூடாது. நாய் உறுமினால் ஓடாது நின்று, பார்வையைத் தாழ்த்தி, மெல்லப் பின்வாங்கும்படி பிள்ளைகளுக்குக் கற்பித்தல் வேண்டும். நாய் கடித்தாலோ பிறாண்டினாலோ, காயத்தைச் சவர்க்காரமும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, தாமதமின்றி அரசாங்க ஆசுபத்திரிக்குச் செல்லுக. மஞ்சள், சுண்ணாம்பு முதலியவற்றைப் பூசுதல் ஆகாது.

முன்னர் சாந்தமாயிருந்த நாய் திடீரெனக் குணம் மாறி உறுமுதல், குரல் மாறுதல், வீணீர் வடிதல், விழுங்க இயலாமை, தள்ளாடுதல் ஆகியன விசர் நோயின் குறிகளாயிருக்கலாம். இது பழக்கித் திருத்தக்கூடிய அச்சமன்று. அந்நாயைத் தொடாது, பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு உடனே அறிவித்தல் வேண்டும். மனிதருக்கு இந்நோயின் குறிகள் தோன்றியபின் உயிர் பிழைத்தல் மிக அரிது. ஆதலால் நாய்க்கு ஆண்டுதோறும் தடுப்பூசி போடுவித்தல் தவறாத கடமையாகும்.

முடிவு

மேற்கூறிய கமக்காரர் தடியை ஒதுக்கி, இம்முறையைப் பொறுமையுடன் கைக்கொண்டார். முதலில் உறுமல் திரும்பி வந்தது. அது நல்ல அறிகுறியே. ஏறக்குறைய 3 மாதத்தின் பின், தெளிகருவியுடன் அயலவர் கடந்து செல்லும்போது அந்நாய் படுத்தவாறே வாலை ஆட்டிற்று. இரவில் பன்றியின் வரவை அறிவிக்கும் திறமையும் குறையவில்லை. எனினும் பிள்ளைகள் வரும் வேளையில் அவர் அதனைப் படலைக்கு அப்பாலேயே வைக்கின்றார். ஒரு முறை கடித்த நாயிடத்து அவ்வெச்சரிக்கை என்றும் வேண்டும்.

நினைவிற் கொள்ள வேண்டியவை

1. உறுமலுக்காக நாயை அடித்தல் கூடாது.
2. குட்டியை 14 வாரத்திற்குள் பலவகை மனிதருக்கும் கருவிகளுக்கும் சத்தங்களுக்கும் அன்பாகப் பழக்குக.
3. நோவு உண்டா என முதலில் மிருக வைத்தியரைக் கொண்டு பரிசோதிப்பிக்குக.
4. அஞ்சும் பொருளைத் தொலைவிற் காட்டி உணவு கொடுத்து, சிறிது சிறிதாக அணுகச் செய்க.
5. முழு வளர்ச்சி பெறுமுன் நாயைப் பன்றிக்கு எதிரே ஏவற்க.
6. பிள்ளைகளை நாயுடன் தனியே விடற்க.
7. ஆண்டுதோறும் விசர் நோய்த் தடுப்பூசி போடுவிக்குக.