ஜிப்பின் பல்லும் இயந்திரத்தின் பல்லும்

கொள்ளிடத்துக்கு வடக்கே, துறையூர்ச் சாலையில், பொன்னி அரிசிக்குப் பெயர்பெற்ற மண்ணச்சநல்லூரின் ஆலைகளிலிருந்து வாய் தைக்கப்பட்டுப் புறப்படும் மூட்டைகளைக் கையாண்டவர்கள் அந்தத் தையலின் விசேஷத்தை அறிவார்கள்: உரிய முனையில் நூலை நறுக்கி இழுத்தால், சங்கிலியாகப் பின்னிய தையல் முழுவதும் சரசரவென்று உருவிக்கொண்டு வந்துவிடும். பிரித்த வாயை மூடவோ மறுபடி தைக்கத்தான் வேண்டும். ஆகவே, நினைத்தபோது திறக்கவும் மூடவும் இடங்கொடுக்கும் ஜிப்பைத் தலையணை உறையிலாவது தம் கையால் வைத்துத் தைத்துவிட வேண்டுமென்று தையல் பழகுவோர் ஆசைப்படுவது இயற்கையே.

ஜிப்புக்கு முன்னோடியாக 1893-இல் சிகாகோ கண்காட்சியில் விட்காம்ப் ஜட்சன் என்ற அமெரிக்கர் வைத்த கொக்கிப் பூட்டு, பிடி நழுவித் திறந்துகொண்டமையால் எடுபடவில்லை. ஸ்வீடனில் பிறந்த பொறியாளர் கிடியன் சுண்ட்பேக், கொக்கிகளை விட்டொழித்து, ஒவ்வொரு பல்லின் ஒரு முகத்தில் சிறு மேடும் மறுமுகத்தில் அதற்கிசைந்த குழியும் அமைத்து 1917-இல் காப்புரிமை பெற்றார். ரன்னர் மேலேறும்போது இரு வரிசைகளையும் சாய்த்து நெருக்கி மேட்டைக் குழியில் பொருத்துகிறது. இறங்கும்போது அதன் நடுவிலுள்ள ஆப்பு அவற்றைப் பிரிக்கிறது. எத்தனை லாகவமான ஏற்பாடு!

ஆனால் புதிதாகத் தைப்பவர் மனம் நோவது, தைத்து முடித்த ஜிப் நேராகக் கிடவாமல் அலையலையாக நெளிவதைக் கண்டுதான். இது கைக்குற்றம் என்று அவர்கள் எண்ணிக்கொள்வது எனக்கு வருத்தமளிக்கிறது. பிரதான காரணம் இயந்திரத்தின் சுபாவத்திலேயே இருக்கிறது. ஊசித் தட்டுக்கு அடியிலுள்ள பற்கள் கீழ்த்துணியைக் கவ்வி நகர்த்த, மேலிருந்து அழுத்தும் பாதமோ மேல்துணியை உராய்ந்து சற்றே பின்தங்க வைக்கிறது. ஒரு தையலில் கண்ணுக்குத் தெரியாத அந்த வித்தியாசம், தையல்தோறும் சேர்ந்து, சாண் நீளத்தில் வெளிப்படையான சுருக்கமாகிவிடும். ஒரு பக்கத்தை மேலிருந்து கீழும் மறுபக்கத்தைக் கீழிருந்து மேலும் தைத்தாலோ, பிசகு எதிரெதிர்த் திசைகளில் நேர்ந்து விளிம்புகள் ஒன்றுக்கொன்று ஒவ்வாமல் போகும். இரு பக்கங்களையும் கீழிருந்து மேலாகவே தைப்பதும், முன்னதாகக் கையால் ஓட்டுத் தையல் போட்டுத் துணியை நகரவொட்டாமல் நிறுத்துவதும் ஆகிய அனுபவஸ்தர்களின் வழக்கத்துக்கு இதுவே நியாயம்.

முதலில் துணியை நீரில் ஊறவைத்து உலர்த்திவிட வேண்டும். நெசவில் இழுபட்ட பருத்தி இழைகள் நனைந்ததும் தளர்ந்து சுருங்கும், ஜிப்பின் பாலியெஸ்டர் நாடாவோ அவ்வாறு சுருங்காது. பின்னர் ஜிப் வரவேண்டிய இடத்தை நீளத் தையலால் தற்காலிகமாக மூட்டி, மடிப்பை விரித்துத் தேய்த்து, துணியின் உட்புறத்தில், ஜிப்பைக் குப்புறக் கிடத்திப் பற்களின் நடு மூட்டின்மேல் நேராக விழும்படி ஓட்டுத் தையல் போட வேண்டும். ஒரு பக்கம் மட்டும் அழுத்தும் பாதத்தை மாட்டினால் பற்களின் அருகிலேயே ஊசி ஓடும். ரன்னரை நெருங்கியதும் அவசரம் கூடாது: ஊசி துணியில் இறங்கியிருக்கும் நிலையில் பாதத்தை உயர்த்தி, தற்காலிகத் தையலைச் சிறிது பிரித்து, ரன்னரைத் தைத்து முடித்த பகுதிக்கு நகர்த்திவிட்டுத் தொடர்ந்தால் அவ்விடத்தில் தையல் வளையாது. இரு புறமும் முடிந்தபின் எஞ்சிய நீளத் தையலைப் பிரித்துவிடலாம். நைலான் பற்கள் சூட்டில் இளகுமாதலால், கடைசியில் தேய்க்கும்போது மேலே ஒரு துணியை விரித்து மிதமான சூட்டிலேயே தேய்க்க வேண்டும்.