கொல்லைப்புறத்தில் ஒரு கடற்கரை

தமிழ்நாட்டில் கொல்லைப்புறத்துக்குத் தளம் போடுபவரின் முதல் கவலை செலவு. அந்தமானின் மின்னி பேயிலோ அதற்கு முன்னால் மூன்று கவலைகள் வரிசையில் நிற்கின்றன: மழை, கப்பல், மணல்.

மின்னி பே அமைந்துள்ள ஸ்ரீ விஜயபுரத்தில் (2024 வரை போர்ட் பிளேர்) ஆண்டுக்குச் சுமார் 3,000 மி.மீ. மழை கொட்டுகிறது. சென்னையைப்போல் இரு மடங்கு. பளபளக்கும் டைல்ஸ் இங்கு ஆபத்தான அழகு. பாசி படிந்துவிட்டால், துணி காயப்போடப் போகிறவர் வழுக்கி விழவேண்டியதுதான். கடப்பாக்கல் வேண்டுமென்றால் அது சுமார் 1,200 கி.மீ. கடல் தாண்டி வர வேண்டும். கல்லின் விலையோடு கப்பல் கூலியும் சேர்ந்துகொள்ளும்.

சிக்கலான சமாச்சாரம் மணல். இந்தத் தீவுகளில் ஆறுகள் சிறியவை. கட்டட மணல் பல காலம் கடற்கரைகளிலிருந்தே வந்தது. கடலாமைகள் முட்டையிடும் கரைகள் கரைந்தன. சேகர் சிங் குழுவின் பரிந்துரையை ஏற்று, மணல் எடுப்பதைப் படிப்படியாக மூன்றில் ஒரு பங்காகக் குறைக்குமாறு 2002 மே மாதம் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. இரண்டரை ஆண்டுகளில் வந்த சுனாமி, கடற்கரை வெறும் மணல்மேடு அல்ல என்பதை உணர்த்தியது. கடல் மணலில் கட்டடத்துக்கும் நன்மையில்லை. அதிலுள்ள உப்பு கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். தளத்தில் வெள்ளை பூக்கும். அழகுக்காகப் பவளத் துண்டுகளைப் பதிப்பதோ சட்டப்படி குற்றம். கடினப் பவளங்கள் 2001 முதல் வனவிலங்குச் சட்டத்தின் உச்சப் பாதுகாப்பில் உள்ளன.

அப்படியானால் எதைத் தேர்ந்தெடுப்பது? இடித்த வீட்டுக் கற்கள், நன்கு வெந்த பழைய செங்கற்கள், சொரசொரப்பான சிமெண்ட் கட்டைகள். கட்டை வாங்கும்போது, அதில் சேர்ந்திருப்பது உடைகல் மணல்தானா என்று கேட்பது அவசியம். மண்ணைத் திமிசு போட்டு இறுக்கி, ஜல்லி பரப்பி, மேலே கல்தூள் விரித்து, சிறு இடைவெளி விட்டு அடுக்கினால் போதும். சாந்து பூச வேண்டாம். வீட்டிலிருந்து விலகிச் செல்லும்படி மீட்டருக்கு 2 செ.மீ. சரிவு வேண்டும்.

இதில் இரட்டை லாபம். நிலநடுக்க அபாயம் மிகுந்த ஐந்தாம் மண்டலத்தில் ஒரே பாளமாகப் போட்ட தளம் விரிசல் விடும்; அடுக்கிய கல்லைப் பெயர்த்து மீண்டும் அடுக்கலாம். கோடையில் தனிக்காரி அணை வற்றினால் குடத்தோடு காத்திருக்கும் நகரத்தில், இடுக்கு வழியே மழைநீர் மண்ணுக்குள் இறங்குவதும் சிறிய விஷயமல்ல.

தளம் கொஞ்சம் கரடுமுரடாகத்தான் இருக்கும். கடற்கரை அதன் இடத்திலேயே இருக்கும்.