மதிப்பெண்ணில் மரபணுவின் பங்கு

இங்கிலாந்தில் 16 வயதுப் பிள்ளைகள் எழுதும் பொதுத்தேர்வு ஜி.சி.எஸ்.இ. அதன் கட்டாயப் பாடங்களில் மாணவருக்கு மாணவர் மதிப்பெண் வேறுபடுகிறதே, அந்த வேறுபாட்டில் 58 சதவீதத்துக்கு மரபணுவே காரணம் என்று 2013இல் லண்டன் கிங்ஸ் கல்லூரி ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். வீடும் பள்ளியுமாகப் பிள்ளைகள் பகிர்ந்துகொள்ளும் சூழலின் பங்கு 36 சதவீதம். அப்போதைய கல்வி அமைச்சர் மைக்கேல் கோவின் ஆலோசகர் டொமினிக் கம்மிங்ஸ், மரபணுவையும் படிப்பையும் முடிச்சுப்போட்டு எழுதிய நீண்ட கட்டுரை அதே ஆண்டில்தான் வெளியே வந்தது. சர்ச்சைக்குக் கேட்கவா வேண்டும்!

கிங்ஸ் கல்லூரிக் கணக்குக்கு அடிப்படை, உளவியலாளர் ராபர்ட் ப்ளோமின் தொடங்கிய இரட்டையர் ஆய்வு. அது, 1994 முதல் 1996 வரை இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பிறந்த இரட்டையரைச் சிறு வயதிலிருந்தே பின்தொடர்கிறது. ஒரே கருமுட்டையிலிருந்து பிறந்த இரட்டையருக்கு மரபணு ஏறக்குறைய அச்சு அசல். இரு கருமுட்டை இரட்டையரோ, மரபணுவைப் பொறுத்தவரை, சாதாரண உடன்பிறப்புகள்தான். இரு வகையினரும் ஒரே வீட்டில் வளர்கிறார்கள். முதல் வகையினரின் மதிப்பெண்கள் கூடுதலாக ஒத்துப்போனால், அந்தக் கூடுதல் ஒற்றுமையை மரபணுவின் கணக்கில் எழுதுகிறார்கள். அச்சு அசலாக இருக்கும் பிள்ளைகளைப் பெற்றோரும் ஆசிரியரும் இன்னும் ஒரே மாதிரி நடத்தமாட்டார்களா என்பது பழைய ஆட்சேபம்; நியாயமானதும்கூட.

ஆனால் பெரிய குழப்பம் வேறு இடத்தில். 80 மதிப்பெண் வாங்கிய பிள்ளைக்கு அதில் 46ஐ மரபணு தந்தது என்று இதற்குப் பொருள் இல்லை. இது கூட்டத்துக்குள் இருக்கும் வேறுபாட்டைப் பற்றிய எண். கூட்டம் மாறினால் எண்ணும் மாறும்.

நார்வேயில் ஆண்ட்ரூ ஹீத் குழுவினர் 1985இல் வெளியிட்ட இரட்டையர் ஆய்வு இதற்கு நல்ல சான்று. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அங்கே கல்வி வாய்ப்புகள் பெருகின. 1940க்குப் பிறகு பிறந்த ஆண்களிடம், எவ்வளவு தூரம் படித்தார்கள் என்பதில் குடும்பப் பின்னணியின் பிடி தளர்ந்தது. மரபின் பங்கு உயர்ந்தது. மரபணுவா மாறியது? கதவுதான் திறந்தது. பெண்களிடம் அப்படியொரு மாற்றம் தெரியவில்லை. ஆக, மரபின் சதவீதம் உயர்வதைச் சமவாய்ப்பின் அடையாளமாகவும் படிக்கலாம். 58ஐக் காட்டிப் பள்ளிக்குச் செலவழிப்பது வீண் என்பவர்கள் கணக்கைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறார்கள்.

2018இல் ஐஸ்லாந்து ஆய்வொன்றிலிருந்து இன்னொரு முடிச்சு வந்தது. பெற்றோரிடம் இருந்து பிள்ளைக்கு வந்துசேராத மரபணுக்களும் பிள்ளையின் படிப்போடு தொடர்பு காட்டின. உடலுக்குள் வராத மரபணு எப்படி வேலை செய்யும்? பெற்றோர் அமைத்துத் தரும் வீட்டின் வழியாக.