ஒரு பெறுமதி, பல தோற்றம்

திருகோணமலைத் துறைமுகப் பகுதியின் பெயர்ப்பலகைகளில் இவ்வூரின் பெயரைத் தமிழ், சிங்களம், ஆங்கிலம் என மும்மொழியிலும் காணலாம். ஊர் ஒன்றே, தோற்றம் மூன்று. கணினிப் பதிவேட்டிலும் இந்நிலையே வேண்டப்படுகிறது.

2004 டிசம்பர் 26 இல் ஆழிப்பேரலை இக்கரையையும் தாக்கியபின், நிவாரணப் பணிக்கென இலங்கையில் உருவாயது 'சகானா' என்னும் மென்பொருள். பின்னர் அது 'சகானா ஈடன்' என்ற பெயருடன் பைதன் மொழியில், 'வெப்டூபை' என்னும் இணையச் சட்டகத்தின்மீது புதிதாய் இயற்றப்பட்டது. அச்சட்டகத்தில் பதிவேட்டின் ஒவ்வொரு புலத்துக்கும் 'ரெப்ரசென்ட்' என்றோர் உறுப்பு உண்டு. புலத்திற் பொதிந்த பெறுமதியைப் பக்கத்தில் எவ்வடிவிற் காட்டுவது என்பதை அதில் இடப்படும் சார்பு தீர்மானிக்கும், பெறுமதியோ மாறாது. 'ஜாங்கோ' சட்டகத்தில் வார்ப்புரு வடிகட்டிகள் இத்தகைய பணியைச் செய்கின்றன.

இவ்வேறுபாட்டை அற்பமென எண்ணற்க. ஊருக்கு 7 என்றாற்போல ஒரு குறியெண்ணைச் சேமித்து, காண்போர் மொழிக்கேற்பப் பெயரைக் காட்டினாற் கணக்குப் பிழையாது. பெயரையே சேமித்து, தாயின் ஊரைத் 'திருகோணமலை' என்றும் மகனின் ஊரைத் 'திருக்கோணமலை' என்றும் எழுதிவிட்டால், தேடுங்கால் இருவரும் ஈரூராராய்ப் பிரிவர். (ஒற்று மிகுதலும் மிகாமையும் பற்றிய புலவர் வழக்கைக் கணினி அறியாது!) வெற்றுப் புலத்திலும் விழிப்பு வேண்டும். வயது எழுதப்படாத குழந்தைக்கு '0' எனக் காட்டுதல் பொய். 'பதியப்படவில்லை' என்பதே மெய்.

குறியெண்ணுக்குரிய பெயரை வரிக்கு வரி தரவுத்தளத்தில் தேடினால், நூறு வரிக்கு நூறு தேடலாகிப் பக்கம் தாமதிக்கும். ஆதலின் ஈடனை இயற்றியோர், வேண்டிய பெயர்களையெல்லாம் ஒருங்கே எடுத்துவரும் நிரற்பகுதியொன்றைத் தனியே அமைத்தனர்.