நூறு ஆண்டு கண்ட குண்டு எழுத்து
பெயர்ப் பலகைக்கும் லேபிளுக்கும் எழுத்தைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

கடை திறக்க நாள் பார்க்கிறோம், வாசல் பார்க்கிறோம், ரேக் அடிக்க ஆசாரியைத் தேடி அலைகிறோம். பெயர்ப் பலகை விஷயத்தில் மட்டும் "நல்லா பளிச்சுன்னு போட்டுடுங்க" என்று சொல்லிவிட்டு வந்துவிடுகிறோம். எந்த எழுத்தில் போடுவது என்பதை போர்டு எழுதுபவரோ டிசைன் செய்பவரோ முடிவு செய்துவிடுகிறார். இப்போது மசாலா, எண்ணெய், பலகார பாக்கெட்டுகளில் "பழைய காலத்து" எழுத்துக்கு மவுசு கூடியிருக்கிறது. இந்த வகையில் வணிகர்களிடையே பெரும் புகழ் பெற்ற ஆங்கில எழுத்து ஒன்றின் கதையை நாம் தெரிந்துகொள்வது நல்லது. அதன் பெயர் 'கூப்பர் பிளாக்'.

சிகாகோவில் பிறந்த எழுத்து

ஆஸ்வால்ட் புரூஸ் கூப்பர் 1879-இல் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் பிறந்தவர். சிகாகோ நகருக்கு வந்து படித்து, பத்திரிகை விளம்பரங்களுக்குக் கையால் எழுத்து எழுதிக் கொடுத்துப் பெயர் பெற்றார். 1904-இல் பெர்ட்ஷ் என்பவருடன் கூட்டாகத் தொழில் தொடங்கினார். அவருடைய எழுத்துக்குக் கிராக்கி இருப்பதைக் கவனித்த பார்ன்ஹார்ட் பிரதர்ஸ் அண்ட் ஸ்பிண்ட்லர் என்ற சிகாகோ அச்செழுத்து வார்ப்பு நிறுவனம், அதை ஈய எழுத்தாக வார்த்து விற்க முன்வந்தது. 1922-இல் கூப்பர் பிளாக் சந்தைக்கு வந்தது.

ஆங்கில எழுத்துகளின் தலையிலும் காலிலும் சிறு குறுக்குக் கோடு இருப்பதைப் பார்த்திருப்போம். இதை 'செரிஃப்' என்பார்கள். பொதுவாக இது கூராக, மெல்லியதாக இருக்கும். கூப்பர் அந்த நுனிகளை உருட்டி மழுக்கினார். கோடுகளைத் தடிப்பாக்கினார். உருண்டு திரண்ட அந்த எழுத்தைப் பார்த்தாலே வீட்டுப் பலகாரத்தின் நினைவு வரும்.

இதில் வியாபார நன்மைகள் இருந்தன. தொலைவிலிருந்து கண்ணில் பட்டது. மலிவான தாளில் மை பரவினால் கூரான நுனிகள் சிதைந்து தெரியும். மழுங்கிய நுனியில் அந்தக் குறை வெளியே தெரியாது. தொலைநோக்குள்ள அச்சகத்தாருக்கும், கிட்டப்பார்வையுள்ள அவர்களுடைய வாடிக்கையாளருக்கும் ஏற்றது இது என்று கூப்பரே வேடிக்கையாகச் சொன்னதுண்டு.

அச்சுக்கலையில் பழமைவாதிகள் சிலர் இதைக் "கறுப்பு ஆபத்து" என்று ஏசினார்கள். ஆனால் விற்பனை குறையவில்லை. போட்டி நிறுவனமான லான்ஸ்டன் மோனோடைப், கூப்பருக்கே ஆசிரியராக இருந்த ஃபிரெடரிக் கவுடியைக் கொண்டு 1925-இல் எதிர் எழுத்து ஒன்றை வெளியிட்டது. குருவால் சீடனை முந்த முடியவில்லை. 1966-இல் பீச் பாய்ஸ் இசைக்குழுவின் 'பெட் சவுண்ட்ஸ்' இசைத்தட்டு உறையிலும், 1995-இல் தொடங்கிய ஈசிஜெட் என்ற பிரிட்டிஷ் விமான நிறுவனத்தின் பெயரிலும் இதே எழுத்துதான்.

எங்கே உதவாது?

இத்தனை புகழ் பெற்ற எழுத்துக்கும் ஓர் எல்லை உண்டு. கோடு தடிப்பாக இருப்பதால் எழுத்தின் உள்ளே இருக்கும் வெற்றிடம் மிகச் சிறியது. பெரிய அளவில் அது அழகு. அதையே சுருக்கிப் பாக்கெட்டின் பின்புறம் போட்டால் உள்வெளி அடைந்து, எழுத்து மைப்பொட்டாகிவிடும். தலைப்புக்கும் பெயருக்கும் ஏற்ற இந்த எழுத்து, விவரங்களுக்கு ஏற்றதல்ல.

நமது தமிழ் எழுத்துக்கும் இது பொருந்தும். தமிழ்நாட்டில் பெயர்ப் பலகையில் தமிழ் முதன்மையாக இருக்க வேண்டும் என்பது விதி. ஆகவே ஆங்கில எழுத்தின் தோற்றத்தைப் பார்த்துத் தமிழையும் குண்டாக்கச் சொல்கிறோம். 'எண்ணெய்' என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். கோடு அளவுக்கு மீறித் தடித்தால் 'ண'வின் சுழிகள் அடைந்து, அது 'ன'வா 'ண'வா என்று தெரியாது. புள்ளியும் எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும். சரக்கு சுத்தமாக இருந்தும் பெயர் பிழையாகத் தெரிந்தால், வாங்குபவருக்கு நம்பிக்கை எப்படி வரும்?

சட்டமும் இருக்கிறது

பாக்கெட் போட்டு விற்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். 2011-ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவு (பொட்டலப் பொருட்கள்) விதிகளின்படி நிகர எடை, அதிகபட்ச சில்லறை விலை முதலிய விவரங்கள் தெளிவாகவும் எடுப்பாகவும் இருக்க வேண்டும். எடை, விலை எண்கள் பின்னணி நிறத்திலிருந்து பளிச்சென வேறுபட வேண்டும். எண்களின் குறைந்தபட்ச உயரத்துக்கும் கணக்கு உண்டு. பழைய தோற்றம் வேண்டுமென்று பழுப்பு நிறத்தின் மேல் காப்பி நிறத்தில் விலையைப் போட்டுவிட்டு, ஆய்வாளர் வந்து கேட்கும்போது "டிசைன் செய்தவர் அப்படிப் போட்டுவிட்டார்" என்று சொன்னால் எடுபடாது.

நாம் செய்ய வேண்டியவை

1. கடைப் பெயருக்கும் பிராண்டு பெயருக்கும் மட்டும் அலங்கார எழுத்து. விலை, எடை, முகவரிக்கு எளிய எழுத்து.

2. போர்டு அடிக்கக் கொடுப்பதற்கு முன் பெயரைப் பெரிதாக பிரிண்ட் எடுத்து ஷட்டரில் ஒட்டி, எதிர்ச்சாரியில் நின்று பாருங்கள். விளக்கு வைக்கும் நேரத்தில் மறுபடியும் பாருங்கள்.

3. பாக்கெட் டிசைனைக் கம்ப்யூட்டர் திரையில் பெரிதாக்கிப் பார்த்து ஒப்புதல் தர வேண்டாம். பாக்கெட்டின் உண்மை அளவில் பிரிண்ட் எடுத்து, வீட்டில் வயதானவர்களிடம் கொடுத்துக் கண்ணாடி இல்லாமல் படிக்கச் சொல்லுங்கள். அச்சு சிலிண்டர் செய்த பிறகு தெரியும் தவறுக்குச் செலவு இரண்டு மடங்கு.

4. பலகை, பை, பில், பாக்கெட் எல்லாவற்றிலும் பெயர் ஒரே எழுத்தில் இருக்கட்டும். அடிக்கடி மாற்றினால் வாடிக்கையாளர் மனத்தில் பதியாது.

கூப்பர் தம் எழுத்தை வாங்குபவரின் கண்ணை நினைத்து வடித்தார். அதனால்தான் நூறு ஆண்டைக் கடந்தும் அது சந்தையில் நிற்கிறது. நமது பலகையையும் லேபிளையும் அதே எண்ணத்தோடு ஒருமுறை எடுத்துப் பார்ப்போம். திருத்த வேண்டியது இருந்தால், அடுத்த முறை அச்சுக்குக் கொடுக்கும் முன் திருத்திக்கொள்வோம்.