ஆம்னியில் ஒரு ராத்திரி!

சனிக்கிழமை ஆபீஸ் முடிந்ததும் செங்கல்பட்டிலிருந்து நாலு பேர் கிளம்பினோம். ஸ்டவ், பாய், கொசுவர்த்தி சகிதம்! வெள்ளைக்காரனுக்கு கேரவன், எங்களுக்குப் பழைய மாருதி ஆம்னி. திருக்கழுக்குன்றம், மாமல்லபுரம் தாண்டி, சாளுவன்குப்பம் புலிக்குகைக்குப் பக்கத்தில் மணலோரம் நிறுத்தினோம். 2005-ல் மண்ணுக்கடியிலிருந்து பழைய முருகன் கோயில் வெளிப்பட்டதே, அதே ஊர்தான். ஹெட்லைட் வெளிச்சத்தில் உப்புமா கிண்டல்.

"லைட்டை அணைங்க தம்பிகளா, ஆமை ஏறுற மாசம்!" என்றார் ஒரு மீனவப் பெரியவர்.

ஜனவரி முதல் மார்ச் வரை பங்குனி ஆமைகள் கரையேறி, சுமார் நூறு முட்டை இடும். வெளிச்சம் கண்டால் மிரண்டு திரும்பிவிடும். பொரிந்த குஞ்சுகளோ, விளக்கைக் கடல் என்று நம்பி எதிர்ப்பக்கம் ஊர்ந்தே செத்துப்போகும்.

அணைத்தோம். நடுராத்திரி இருட்டில் 'சரக்... சரக்...' மூச்சுவிடக்கூட பயம்.

விடிந்து பார்த்தால், டயருக்கு நாலடி தள்ளி ஆமைத் தடம்! நாலடி முன்னால் நிறுத்தியிருந்தால்..?

இப்பல்லாம் வண்டி ரோட்டோரமே நிக்குது சார். நாங்கதான் நடக்கிறோம்!